இரண்டாம் வார்டில் விழுந்துகிடந்த ஆள்

அன்புள்ள மகளுக்கு,

அன்று கூட்டத்தில் "அந்தப் படம் தப்பு, போட்டது நான்" என்று நான் சொல்லவில்லை. நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் வீட்டுச் செய்திகளுக்குப் பின்னால் ஒளித்துவிடுவேன். நாங்கள் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடி ஏறும்போது மட்டும் தெருவுக்கே கேட்கிற மாதிரி முனகுகிறார். தம்பி உன் அறையைப் பிடித்துக்கொண்டு, அக்கா வந்தா வாடகை தரட்டும் என்கிறான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ உடனே "பரவாயில்லம்மா, விடு" என்பாய், அதைக் கேட்கத்தான் கூசுகிறது.

வரையத் தெரியாதவர்களும் எண்களைப் படமாக்கலாம், நீயே செய்து பாரும்மா என்று உங்கள் ஆபீஸ் புரோகிராமை அனுப்பினாய் அல்லவா, அதை எங்கள் ஆஸ்பத்திரியின் மாதக் கூட்டத்துக்குப் பயன்படுத்தினேன். நோயாளிகள் வழுக்கி விழுந்த கணக்கை ரெகார்டு பிரிவிலிருந்து மாதாமாதம் கட்டம் போட்டு நான்தான் கொடுப்பேன், யாரும் படிப்பதில்லை. இந்த முறை விழுகிற ஆள் படம் ஒன்றை எடுத்தேன். முதல் வார்டில் மூன்று பேர், இரண்டாம் வார்டில் ஆறு பேர். ஆறு ஆளை வரிசையாக வைத்தால் நெருக்கியடித்துக்கொண்டு அழகில்லாமல் இருந்தது, அதனால் வார்டுக்கு ஒரே ஆள் என்று வைத்து, இரண்டாம் வார்டு ஆளை மட்டும் மூலையில் பிடித்து இழுத்து இரண்டு மடங்கு உயரமாக்கினேன். கூடவே அகலமும் ஏறும், கண்ணுக்கு நாலு மடங்காகத் தெரியும் என்று உறைக்கவில்லை. படத்தை இழுக்காதேம்மா, எத்தனையோ அத்தனை தடவை போடு என்று நீ சொன்னதும் மறந்துபோயிற்று. இரண்டாம் வார்டில் கட்டிலே இரு மடங்கு, அப்படிப் பார்த்தால் இரண்டு வார்டும் ஒன்றுதான் என்பதையும் எழுதவில்லை, எழுதினால் படத்தின் ஓரம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன். கூட்டத்தில் திரையில் பார்த்தபோதுதான் புரிந்தது. சின்ன ஆளுக்குப் பக்கத்தில் பூதம் போல ஒருவன் விழுந்துகிடந்தான். பெரிய டாக்டர், "என்ன சிஸ்டர், உங்க வார்டுத் தரையில எண்ணெய் ஊத்தி வெச்சிருக்கீங்களா" என்றார். அறையே சிரித்தது. அந்த வார்டுக்குப் பொறுப்பு யாரென்று உனக்குத் தெரியும், நாங்கள் கடுகு என்று கூப்பிடுவோமே, ஆள் குள்ளம், பேச்சு காரம், என்னுடைய ஒரே சிநேகிதி. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கப் போன நேரம் டாக்டர் என் பக்கம் திரும்பி, "இத்தனை வருஷத்துல இப்பதாம்மா உங்க கணக்கு எனக்குப் புரியுது" என்றார். அந்த வார்த்தை எனக்கு இனித்தது. உட்கார்ந்துவிட்டேன். கோழைகளைப் பற்றி எத்தனை நாவல் படித்து உச்சுக்கொட்டியிருக்கிறேன், தெரியுமா. வெளியே வந்ததும் கடுகு, "நீயாடி இப்படிப் போட்ட" என்று மட்டும் கேட்டாள். கம்ப்யூட்டர் அப்படிப் போட்டுவிட்டது என்றேன். உன் வேலையின் மேல் பழியைப் போட்டேன், அதற்காக உன்னிடமும் தலைகுனிகிறேன்.

உங்கள் ஆபீசில் சொல், என்னைப் போன்றவர்கள் மூலையைப் பிடித்துத்தான் இழுப்பார்கள். இழுத்தால் ஆள் வளராமல், பக்கத்தில் இன்னொரு ஆள் வந்து நிற்கிற மாதிரி செய்யுங்கள். எத்தனை பேரில் இத்தனை என்று கேட்காமல் படத்தைக் கொடுக்காதீர்கள். ஈரத்தலையோடு வெளியே போகாதே. எந்தச் சபையிலும் தப்பைத் தப்பென்று சொல்லும் நாக்கு உனக்கு வாய்க்கட்டும், என்னிடமிருந்து வரவில்லை என்றால் அப்பாவிடமிருந்தாவது வந்திருக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அம்மா

பி.கு. கூட்டத்துக்கு மறுநாள் காலை சரியான படத்தைக் கட்டில் கணக்கோடு டாக்டர் மேசையில் வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். "சரிம்மா, அடுத்த மாசம் காட்டிக்கலாம்" என்றார். முந்தின நாள் மாலையே கடுகை இரண்டாம் வார்டிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்கள். இப்போது வெளிநோயாளிகள் பிரிவில் ஊசி போடுகிறாள்.