கண்டி மழையில் எடுத்த படங்கள்

ஜூலை 3, வியாழன். கெலிஓயா, கண்டிக்குக் கிட்ட

விடிய இறங்கும்போதே மழை. யாழ்ப்பாணத்தில் விட்டு வந்த வெயில் இதே நாட்டில்தான் இருக்கிறது என்று நம்ப முடியவில்லை. இரவு முழுக்க பஸ்ஸில் இருந்து கால் வீங்கிவிட்டது. ஒரு செருப்பு ஏறவில்லை.

தங்குவது பஸீலா ராத்தா வீட்டில், இங்கே அக்காவுக்கு ராத்தா. கீழே அவரும் அவருடைய கணவரும், மேலே வாடகைக்கு இரண்டு அறை. மற்ற அறை காலி. இந்த மழைக்கு எங்களைத் தவிர யார் வருவான்.

"ஹனிமூனா மகள்?" என்று வாசலிலேயே கேட்டா. ஓம் என்றேன். "மழ ஈக்கிதே, பாவம்" என்று துவாய் கொண்டுவந்து தந்தா.

ஹனிமூன்தான். கலியாணம் போன ஞாயிறு, நல்லூரில், ஐம்பது பேருக்குள். அப்பாவின் முதலாம் வருட ஆட்டத்திவசம் வைகாசியில் முடிந்தது, ஆனியில் தாலி. "ஆடி பிறக்க முதல் முடிச்சுப்போடு" என்று அண்ணன் கனடாவிலிருந்து பிடிவாதமாக நின்றான். முடித்தாயிற்று.

மாப்பிள்ளை ரூபன். இனி ரூ. என்று எழுதுகிறேன், முழுப் பேரை எழுதக் கை கூசுகிறது. நோர்வேயில், பேர்கன் நகரில் பஸ் ஓட்டுகிறார். நாற்பத்துமூன்று வயது. முதல் கலியாணம் பிரிந்தது. சொல்லித்தான் செய்தார்கள், ஒளிக்கவில்லை. எனக்கு முப்பத்தெட்டு, பிரதேச செயலகத்தில் வேலை, நாலு வருடம் படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்தவள். இரண்டு பக்கமும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

கண்டிக்கு வந்த காரணத்தையும் எழுதி வைக்கவேண்டும். படம் பிடிக்க. அவர் திரும்பிப் போனதும் என்னை அங்கே கூப்பிட ஸ்பொன்சர் போடுவார். இரண்டாம் கலியாணம் என்றால் துருவித் துருவிப் பார்ப்பார்களாம். சேர்ந்து திரிந்த படம், சாப்பிட்ட படம், சிரித்த படம் எல்லாம் கோப்பில் இருக்கவேண்டும் என்று அவருடைய கூட்டாளி சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கொண்டு வந்தவை: சாறி 5, சல்வார் 4, பொய்ப் பூ 2 முழம், ஊசிகள், இருமல் மருந்து. ஒரே நாளில் மூன்று உடுப்பு மாற்றினால் மூன்று நாள் போலத் தெரியுமாம்.

என் மேசைக்கு இப்படி ஒரு கோப்பு வந்தால் நானே சந்தேகப்படுவேன்.

இரவுச் சாப்பாடு இடியப்பம், கோழிக்கறி. உறைப்பு போதாது. நித்திரை நல்லாக வருகிறது. அதுவும் ஒரு குறைதான், புதுப் பெண்ணுக்கு.

ஜூலை 4, வெள்ளி

மழை. விட்டு விட்டு.

காலை எட்டுக்கு ஆட்டோ. ஓட்டுபவர் செல்வம், கண்டி மஹய்யாவக்காரர், நல்ல வாய். ஏறினதும் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "யாழ்ப்பாணமாங்க? வெளிநாட்டு மாப்பிள்ளையா? அப்ப போட்டோ எடுக்கணும்ல. கவலைய விடுங்கக்கா, எங்க நின்னா நல்லா விழும்னு எனக்குத் தெரியும்." இப்படி எத்தனை சோடியை ஏற்றி இறக்கியிருப்பார். எனக்கு வெட்கம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர் சொன்ன இடத்திலெல்லாம் போய் நின்றேன்.

பேராதனைப் பூங்கா. குடை ஒன்று. ரூ. செம்மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தார், அதைக் கழற்றச் செல்வம் படாத பாடு பட்டார். "சார், அத போட்டா ரோட்டு வேல செய்றவரு மாதிரி இருக்கீங்க." கழற்றினார். இரண்டு நிமிடத்தில் தொப்பலாக நனைந்தார், ஆனால் ஒரு முகச்சுளிப்பு இல்லை.

"குளிரேல்லையோ?" என்று கேட்டேன்.

"பேர்கனிலை வருசம் முழுக்க இதுதான். மழையைப் பாத்து வீட்டிலை இருந்தால் ஒருநாளும் வெளிக்கிடேலாது."

அங்கேயும் மழைதானா? இதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. வெயில் தேடி இந்தத் தீவுக்கு வெள்ளைக்காரன் வருகிறான். நான் மழையிலிருந்து மழைக்குப் போகப் போகிறேன்.

மலசலகூடத்துக்குள் சாறி மாற்றினேன், இரண்டு தரம். ஈரத் தரையில் கொசுவம் நனைந்தது. வெளியே நின்ற சிங்களப் பெண் ஒருத்தி ஊசி பிடித்து உதவினா. நாடகம் நடிக்கிறேன் என்று நினைத்திருப்பா. பிழையில்லை.

மூங்கிலடியில் நின்று எடுத்த படம், ரூ. என் தோளில் கை வைத்தது. கை சூடு. அவ்வளவுதான் எழுத இருக்கிறது.

பின்னேரம் அவர் படங்களைக் கூட்டாளிக்கு அனுப்பினார். கூட்டாளி உடனே போன் எடுத்தார். ரூ. சத்தத்தைக் குறைக்க முதல் எனக்குக் கேட்டுவிட்டது. "என்னடா மச்சான், செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறா. சிரிக்கச் சொல்லடா."

ரூ. வெளியே போய்க் கதைத்தார். திரும்பி வந்து என் தேத்தண்ணிக் கோப்பையைத் தன்னுடையதோடு சேர்த்துக் கழுவி வைத்தார். 

நானும் கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். பல் தெரிகிறது. மற்றபடி ஒன்றும் இல்லை.

ஜூலை 5, சனி

காலை வானம் கொஞ்சம் வெளித்தது. அவசரமாக ஓடினோம், கலியாண வீட்டில் பந்திக்கு ஓடுவது போல.

வாவிக் கரை: பச்சைச் சாறி. தலதா மாளிகை பின்னால் தெரிய: பச்சைச் சாறி. ரோல்ஸ் கடைக்குள்: சல்வார். ரோல்ஸ் நல்லது, மீன். இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவதை ரூ. என் பக்கம் தள்ளினார். அதையும் சாப்பிட்டேன்.

ஹந்தானை மலைக்கு ஏறும்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. தேயிலைக்கு நடுவில் நின்று ஒரு படம். "சார் அக்காவ பாருங்க, அக்கா நீங்க மலைய பாருங்க, அப்பதான் இயற்கையா இருக்கும்" என்றார் செல்வம். மலை தெரியவில்லை. வெள்ளையாக எதையோ பார்த்தேன்.

ஆட்டோவில் ஏறின பிறகுதான் காலில் ரத்தம். அட்டை. செல்வம் எப்போதும் உப்பு வைத்திருப்பாராம். ரூ. கீழே குந்தியிருந்து உப்புப் போட்டு எடுத்துவிட்டார். அட்டை கடிப்பது எவருக்கும் தெரியாது என்று செல்வம் சொன்னார். சரி, அது என்னுடைய குறை இல்லை.

அண்ணன் வீடியோ கோல் எடுத்தான்.

"சந்தோசமா இருக்கிறியோ பிள்ளை?"

"ஓம்."

"அவர் எப்பிடி?"

"நல்லவர்."

"என்ன, எல்லாத்துக்கும் ஒரு சொல்லிலை பதில் சொல்லுறாய்?"

"மழை அண்ணா. சிக்னல் சரியில்லை."

சிக்னல் நல்லாகவே இருந்தது.

இதை ஒருவருக்கும் சொல்லவில்லை, இங்கே எழுதுகிறேன். அப்பா போன அன்று நான் அழவில்லை. சவம் எடுத்த பிறகு அவருடைய படுக்கை விரிப்பைத் தோய்த்துக் காயப்போட்டு, மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். மாமி என்னைக் கட்டிப்பிடித்து, "அழடி, அழு" என்று உலுக்கினா. தோள் நொந்தது. அதோடு சரி. பிறகு எது வந்தாலும் அப்படியே. தாலிக்குப் பொன்னுருக்கினார்கள், பார்த்துக்கொண்டிருந்தேன். தாலி ஏறியது, கழுத்தில் பாரம் என்று தெரிந்தது. பல்லுப் பிடுங்க ஊசி போட்டால் உதடு தன்னுடையது இல்லாத மாதிரி இருக்குமே, அப்படி. அந்த ஊசி பின்னேரத்துக்குள் விட்டுவிடும். இது ஒரு வருடம் தாண்டிவிட்டது.

இப்படி ஒருத்தியைக் கூட்டிப்போய் அந்த மனிதன் என்ன செய்யப் போகிறார்?

வாங்க: பிளாஸ்டர், சீப்பு (உடைந்தது), தேயிலை அரைக் கிலோ அலுவலகத்துக்கு.

ஜூலை 6, ஞாயிறு

கடும் மழை. காலை ஏழுக்கே செல்வம் போன் அடித்தார். "சார், இன்னைக்கு வேணாங்க. கம்பளை ரோட்டுல தண்ணி. வீட்லயே இருங்க, புதுசா கட்டுனவங்க, சொல்லணுமா."

கரண்டும் இல்லை. ஆக இன்று படம் இல்லை, உடுப்பு மாற்றல் இல்லை. பழைய சட்டையோடு இருந்தேன். தலை இழுக்கவில்லை.

ராத்தா கரம் போர்ட்டும் இஞ்சி போட்ட பிளேன்டீயும் மேலே அனுப்பினா. பிறகு வட்டிலப்பத்தோடு தானே ஏறி வந்தா. "மழைக்கு நல்லா தின்னுங்க, தூங்குங்க. வேறென்ன ஹனிமூன்." ரூ. சிவந்துபோனார். நாற்பத்துமூன்று வயது மனிதர்.

கரம் விளையாடினோம். ரூ. அளாப்புகிறார். நான் மழையைப் பார்க்கும்போது விரலால் காயைத் தள்ளுகிறார். கண்டுபிடித்துக் கேட்டேன். "காத்துக்கு அசைஞ்சிருக்கும்" என்றார். இவ்வளவு நாளில் அவர் சொன்ன முதல் பகிடி.

மத்தியானத்துக்குப் பிறகு விறாந்தையில் கதிரை போட்டு இருந்தோம். எதிர் மலை முழுக்க மூடிவிட்டது. அப்போதுதான் அவர் கதைக்கத் தொடங்கினார். முகத்தைப் பார்க்காமல், மழைக்குச் சொல்வது போல.

"முதல் கலியாணத்திலை நல்ல வெயில். பெந்தோட்டைக் கடற்கரை. எல்லாப் படத்திலையும் ரெண்டு பேரும் சிரிப்புத்தான். ஒரு கேள்வியில்லாமல் விசா குடுத்தவங்கள். வந்து ஆறு மாசத்திலை அவ என்னை விட்டிட்டுப் போட்டா. அங்கை அவவுக்கு ஒரு பெடியன் இருந்தவன். அந்தப் படங்களைப் பாத்தால் நானே நம்புவன், அவ்வளவு வடிவு."

நான் காலைச் சாரலுக்கு உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"நீர் சிரிக்காதது எனக்குப் பிரச்சினையில்லை. ஆனால் உமக்கு விருப்பமில்லையெண்டால் இப்பவே சொல்லும். நான் ஸ்பொன்சர் போடாமல் விடுறன். உம்மடை அண்ணனுக்கு என்னிலை பிழையெண்டு சொல்லுவம். நாளைக்கு வெளிக்கிட முதல் சொன்னால் போதும்."

மரியாதையான மனிதர். அதற்கு மரியாதையாக உண்மையைச் சொல்லவேண்டும் என்று பட்டது. சொன்னேன்.

"எனக்கு உங்களிலை வெறுப்பில்லை. விருப்பமும் வரேல்லை. அப்பா செத்ததிலையிருந்து எனக்கு ஒண்டுமே வருகுதில்லை. மரக்கட்டை மாதிரி இருக்கிறன். பொய் சொல்லேலாது."

 அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"எனக்கும் அப்பிடித்தான்."

"என்ன அப்பிடித்தான்?"

"உம்மிலை எனக்கும் இன்னும் ஒண்டும் வரேல்லை. நீர் உண்மை சொன்னபடியால் நானும் சொல்லுறன்."

அங்கேதான் நடந்தது. எனக்குக் கோபம் வந்தது. சும்மா கோபம் இல்லை, காது மடல் வரை சூடு.  ஒன்றும் வரவில்லையாமே! சாறி மாற்றி மாற்றி மலசலகூடத் தரையில் ஒற்றைக் காலில் நின்றது நான். அட்டைக்கு ரத்தம் கொடுத்தது நான். இவருக்கு ஒன்றும் வரவில்லையாம். நான் அதே வசனத்தைச் சொல்லி ஒரு நிமிடம் ஆகவில்லை என்பது தெரிகிறது. தெரிந்தும் கோபம். நியாயமே இல்லாத கோபம்.

"வராட்டில் ஏன் கட்டினனீங்கள்?" என்று கத்திவிட்டேன். கீழே ராத்தா வீட்டில் பேச்சு நின்றது.

"நீர் ஏன் கட்டினனீர்?" அவர் கத்தவில்லை. சாதாரணமாகக் கேட்டார். அது இன்னும் கோபம்.

அறைக்குள் வந்து கதவைச் சாத்தினேன். இதை எழுதும்போதும் எழுத்துக் கோணுகிறது. வட்டிலப்பத்தில் மிச்சம் இருந்தது அவருடைய பங்கு. அதையும் நானே சாப்பிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

தூறல். பேச்சில்லை.

ராத்தா இரண்டு பேர் முகத்தையும் பார்த்தா, சோற்றுப் பார்சல் மட்டும் தந்தா. "அல்லாஹ் காவல். போய்ட்டு வாங்க மகள்." பிறகு என் காதுக்குள், "சண்ட புடிச்சா நல்லம்தான். சும்மா ஈந்தீங்களே மூணு நாளா, எனக்குத்தான் பயம் புடிச்சிச்சி."

செல்வம் குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் இறக்கினார். அவரும் இன்று வாய் திறக்கவில்லை, பெரிய அதிசயம். எனக்கு யாழ்ப்பாண பஸ், நாளைக்கு வேலை. ரூவுக்குக் கட்டுநாயக்க பஸ், இரவு பிளேன்.

என் பையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் இடித்து ஏறி, யன்னல் கரையில் இடம் பிடித்துத் தந்துவிட்டு இறங்கினார். நான் நன்றி சொல்லவில்லை. அவர் பஸ்ஸுக்குக் கீழே நின்றார். செம்மஞ்சள் கோட்டு பைக்குள். தலை நனைந்து நெற்றியில் ஒட்டியிருந்தது. முதுகில் சேறு வேறு, யாரோ இடித்திருக்கிறார்கள். துடைக்கச் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

கண்டக்டர் கதவைத் தட்டினான். பஸ் முக்கியது. அப்போதுதான் ரூ. யன்னலுக்குக் கிட்ட வந்து கேட்டார்.

"என்ன சொல்லுறீர்? ஸ்பொன்சர் போடட்டோ, விடட்டோ?"

எனக்கு நேற்றைய கோபம் அப்படியே இருந்தது.

"போடுங்கோ" என்றேன். "அங்கை வந்து உங்களோடை கதைக்கிறன்."

மிரட்டலாகத்தான் சொன்னேன். அந்த மனிதன் வாய்விட்டுச் சிரிக்கிறார். நடு ஸ்டாண்டில், ஆட்கள் திரும்பிப் பார்க்க. பஸ் எடுத்துவிட்டான்.

மாத்தளை தாண்டியாயிற்று. பஸ் குலுக்கலில் எழுத முடியவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. ஆறவிட மனமில்லை.