அம்மா உயரத்துக்கு ஒரு சமையலறை

டிசம்பர் 27, சனி

காலை எட்டு வரை பனி. கல்வராயன் மலை இருக்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை. அரையாண்டு விடுமுறை. அப்பாவுக்கும் இன்று கரும்பு வெட்டு இல்லை. இருவரும் பஸ்ஸில் கள்ளக்குறிச்சி, புது வீட்டுச் சமையலறைக்கு அலமாரி பார்க்க.

அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். தை கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. அவள் வந்த பிறகுதான் பால் காய்ச்சுவோம்.

கடையில் பார்த்தவை, கீழிருந்து மேல்:
1. கடப்பாக் கல் தட்டு. கதவு கிடையாது. கடைக்காரர் இதை அலமாரியாகவே மதிக்கவில்லை.
2. பிவிசி கதவு. தட்டினால் காலி டப்பா சத்தம்.
3. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. பார்க்க அழகு.
4. பிளைவுட். மாந்தளிர் நிறம். தானாக மூடும் டிராயர்.

"தள்ளாத பாப்பா. லேசா தொட்டு வுடு, அதுவா போய்க்கும்" என்றார் கடைக்காரர்.

ஏழு தடவை திறந்து மூடினேன். கடைசி இரண்டு விரல் தூரத்தில் தயங்கி, சத்தமில்லாமல் மூடுகிறது. முன்பு அம்மா விடியற்காலையில் களை எடுக்கப் போகும்போது எங்களை எழுப்பாமல் கதவைச் சாத்துவாளே, அப்படி.

"மொத்தம் இன்னா ஆவும்?" என்றார் அப்பா.

"சதுர அடிக்குத்தாங்க சொல்லுவோம். அளவு எடுத்துக்கினு வாங்க."

பலகை மூன்றிலும் ஒரு துண்டு கேட்டு வாங்கினேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

பனி கம்மி. பலகைத் துண்டுகளையும் ஒரு கடப்பாக் கல் சில்லையும் வாளித் தண்ணீரில் போட்டேன். சோதனை.

அடுப்பு மேடைக்கு அளவு எடுக்க மேஸ்திரி வந்தார். சமைக்கிறவரை நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்கு ஆறு விரல் கீழே சுவரில் கோடு போடுவார். அதுதான் அவர் முறை.

"யாரு சமைக்கப் போறது?"

"இவுங்க அம்மா."

"வரச் சொல்லுங்க."

"குவைத்துல இருக்குது."

"அப்ப டேப்ப குவைத்து வரைக்கும் நீட்டவா?"

அம்மா எவ்வளவு உயரம்? அப்பா தன் தோளில் கை வைத்தார், கொஞ்சம் ஏற்றினார், இறக்கினார். எனக்குத் தெரியும். விமான நிலையத்தில் கட்டிக்கொண்டபோது என் உச்சந்தலை அவள் கண் மட்டத்துக்கு. அந்தக் குறைக்கு ஒரு செங்கல்லைப் படுக்கப் போட்டு அதன்மேல் ஏறி நின்றேன். மேஸ்திரி கோடு போட்டார்.

டிசம்பர் 30, செவ்வாய்

மேடை கட்டியாயிற்று. சோதனை முடிவு: பிவிசி ஒன்றும் ஆகவில்லை (ஆனால் மிதந்தது). மரத்தூள் பலகை, டீயில் நனைத்த ரஸ்க். பிளைவுட், நிறம் மட்டும் மங்கல். கல், கல்தான்.

ஆகவே பிளைவுட். மனம் முன்பே அங்கேதான் இருந்தது. சோதனை நேர்மையானதா என்று சந்தேகம்.

அப்பா கடைக்குப் போன் செய்து அளவு சொல்லி, மொத்தம் கேட்டார். பிறகு வெளியே போய் சைக்கிள் சங்கிலியை வெகுநேரம் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

ஜனவரி 2, வெள்ளி

அம்மாவுக்கு லீவு. வீடியோவில் வந்தாள். அவள் பின்னால் முதலாளி வீட்டுச் சமையலறை. வெள்ளை வெள்ளைக் கதவுகள், ஒன்றுக்கும் கைப்பிடி இல்லை.

"உனுக்கு எது புடிச்சுது?"

நாலாவதைச் சொன்னேன். நிறம், டிராயர், எல்லாம். சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு பெரிதானது.

"அத்தயே போடு. இன்னும் ஒரு வருசம் இருன்னு மேடம் கேட்டுக்கினே இருக்காங்க. இருந்துட்டா எல்லாம் முடிஞ்சிடும்."

சிக்னல் போய்விட்டது என்று நினைத்து அம்மா "அலோ, அலோ" என்றாள்.

கடைக்காரர் சதுர அடிக்குச் சொன்னார். ஒரு வருடம் என்று சொல்லவில்லை.

ஜனவரி 3, சனி

வெயில். மலை முழுசாகத் தெரிந்தது.

அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை. அவள் வாசனை இல்லை. ஊதா உள்பாவாடை ஒன்று. சும்மா கட்டிப் பார்த்தேன். விளிம்பு கணுக்காலில் வந்து நின்றது. அம்மாவுக்கும் அங்கேதான் நிற்கும்.

அப்படியானால் நான் இப்போது அம்மா உயரம். இத்தனை நாளும் பழைய இடத்திலிருந்தே அவளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மேடை ஒரு செங்கல் ஜாஸ்தி. இன்னும் ஒரு வருடம் போனால் அவள் எனக்கு எதுவரை வருவாள்?

புது வீட்டுக்கு ஓடிப்போய் மேஸ்திரியிடமும் அப்பாவிடமும் சொன்னேன். மேஸ்திரி சிரித்தார்.

"மேடைய இடிக்க வேணாம் பாப்பா. தரை இன்னும் போடலயே, அத்த தூக்கிடறேன். மேல இன்னா போடறீங்க? பிளைவுட்டா?"

"கடப்பாக் கல்லு."

"கதவு?"

"வேணாம்."

அப்பா என்னையே பார்த்தார். பிறகு தேவைக்கு மேல் சத்தமாக, "கல்லே போடுங்க மேஸ்திரி" என்றார்.

வரப்போகும் தரையின் உயரத்துக்குப் பலகை போட்டார்கள். வெறுங்காலோடு அதில் நின்று கையைத் தூக்கினேன். விரல் எட்டிய இடத்தில் மேல் தட்டுக்குக் கோடு. இந்த முறை செங்கல் இல்லை.

ஜனவரி 9, வெள்ளி

பள்ளி திறந்துவிட்டது. கணக்கு நோட்டு காணவில்லை. தட்டுகள் ஏற்றியாயிற்று. ஒரு இரவு கனவில் டிராயர் வந்தது, மாந்தளிர் நிறத்தில்.

அம்மா வீடியோவில் வந்தாள். போனைத் தட்டுகள் பக்கம் திருப்பினேன்.

"இன்னாடி இது, மொட்டையா கல்லு?"

"எனுக்கு இதாம்மா புடிச்சுது."

"பொய்யி. போன வாரம் டிராயரு டிராயருன்னு குதிச்ச."

"தண்ணில போட்டு பாத்தேம்மா. கல்லுதான் தாங்குது." (இது உண்மை.)

"பால் காய்ச்ச வர்றவங்க பாத்தா இன்னா கேப்பாங்க?"

"உன்னத்தான் கேப்பாங்க. எங்கன்னு."

சிக்னல் போகவில்லை. அவள் பின்னால் சுவர்க் கடிகாரத்தின் முள் நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகு மெதுவாக, "மேல் தட்டு எனுக்கு எட்டுமா?"

"எட்டும்மா. நான் தொட்டுப் பாத்துட்டேன்."