பஸ்ஸின் திறப்பைக் கொடுத்த நாள்

கார்த்திகை, வெள்ளிக்கிழமை இரவு.

இன்று முதலாளியிடம் பஸ்ஸின் திறப்பைச் சாவிவளையத்தோடு கொடுத்து வேலையை விட்டுவிட்டேன். கலியாணத்துக்கு முன்பிருந்தே நான் ஓட்டிய பஸ்.

பிரேக் சரியில்லை என்று ஆவணியிலிருந்தே அவரிடம் சொல்லிவந்தேன். "அடுத்த மாதம் பாப்பம்" என்றே ஒவ்வொரு முறையும் சொன்னார். இன்று காலை சுன்னாகம் சந்தைக்கு அருகில் அது பிடிக்கவேயில்லை. வேலிப் பக்கமாக ஸ்டியரிங்கை ஒடித்தேன். பனையோலைக் கடகத்தோடு ஓரமாக நின்ற ஒரு பெண்ணின் கால் பஸ்ஸின் முன்சில்லுக்குக் கீழே அகப்பட்டுவிட்டது. காலை எடுக்க வேண்டிவரும் என்று ஆசுபத்திரியில் சொல்கிறார்கள்.

முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "மனிசி குறுக்காலை ஓடிவந்தது எண்டு பொலிசிலை சொல்லு. மிச்சத்தை நான் பாக்கிறன்."

"அவ ஓடேல்லை ஐயா. ஓரமாத்தான் நிண்டவ."

பொலிசில் நடந்ததை நடந்தபடியே சொன்னேன். பிறகு திறப்பை அவர் கையில் வைத்துவிட்டு வந்தேன். மனம் ஆறும் என்று நினைத்தேன். ஆறவில்லை.

பின்னேரம் கொண்டக்டர் செல்லத்துரை வந்தான். இனி அந்த பஸ்ஸை அவன்தான் ஓட்டப்போகிறானாம்.

"வேண்டாம் தம்பி. உந்தப் பிரேக்கை நம்பேலாது."

"எனக்கும் பிள்ளையள் இருக்கு அண்ணை" என்றான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆவணியிலேயே நான் விலகியிருந்தால் இன்று அவன்தான் ஓட்டியிருப்பான். அந்தப் பெண் அதே ஓரத்தில்தான் நின்றிருப்பாள்.

மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. "விடிய எத்தினை மணிக்கு எழுப்ப?" என்று சற்றுமுன் கேட்டாள்.

"எழுப்ப வேண்டாம்" என்றேன்.

விளக்கை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போய்ப் படுத்தாள். அவள் இன்னும் தூங்கவில்லை.