மூன்றாம் கொட்டகையில் மங்கிய விளக்கு

தை 9, திரை ஆண்டு 11. காலை 7.10
மூன்றாம் வழிக்கொட்டகை, பாக் கடல் பனி. காவல்: அ. விண்ணரசி.

மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் எச்சரிக்கை விளக்கு எரிகிறது. கையைக் குவித்து மறைத்துப் பார்த்தால்தான் தெரிகிறது. பூசணி நிறத்தில் ஒரு பொட்டு. நேற்று இல்லை.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று. வடக்குக் காற்று. வானத்தைத் திரை மூடிக் கடல் உறைந்த பின் இது பதினோராவது தை. பனிமேல் போகிற வண்டிகளுக்கு வழிகாட்டும் கூரை விளக்கு சரி. கணப்பில் மண்ணெண்ணெய் நாளைவரை வரும். இஞ்சின் உறையாமலிருக்க வழக்கம்போல் சிறிது நேரம் ஓடவிட்டேன். வேறு ஒன்றுமில்லை.

7.55
வானொலியில் கரை நிலையம். ரெமிஜியூஸ் மாமா. எங்கள் வண்டிகளையெல்லாம் பார்க்கிற மெக்கானிக்.

“மூணாங் கொட்டகை. ஏத்தா விண்ணு, இருக்கியா? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்க? சரி, அமுக்கு.”

எனக்கு வானொலியில் பேச வராது. எல்லாக் கொட்டகைக்காரர்களும் கேட்பார்கள் என்று நினைத்தாலே மைக்கைக் கீழே வைத்துவிடுவேன். அதனால் பொத்தானை ஒருமுறை அமுக்கினால் ஆமாம், இருமுறை அமுக்கினால் இல்லை. மாமா செய்துகொடுத்த வழி.

“வடக்க பனி வெடிச்சிருச்சுத்தா. உங்க பக்கமாத்தான் வருது. மத்தியானத்துக்குள்ள எல்லாரும் கரையேறணும். ஆறாங் கொட்டகையில மெற்றில்டா வண்டி செத்துப்போச்சாம். நீ போயி அவளையும் ஏத்திக்கிட்டு வந்துரு. பெட்ரோல் வெளக்கு எரியுதா?”

ஒருமுறை.

“பளிச்சுன்னா?”

இருமுறை.

“மங்கலா? அப்பப் பயப்படாத. மங்கல்னா இன்னும் நாப்பது கிலோமீட்டர் ஓடும். பளிச்சுனு எரிஞ்சாத்தான் மாதாவக் கூப்பிடணும்.”

கரையில் எல்லாரும் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள். விளக்கு எவ்வளவு மங்கலோ அவ்வளவு பெட்ரோல். மேற்கே கரை இருபது கிலோமீட்டர். தெற்கே மெற்றில்டா அக்காவின் ஆறாம் கொட்டகை பன்னிரண்டு, அங்கிருந்து கரைக்கு இருபத்திரண்டு. நாற்பதுக்குள் அடங்குகிறது.

ஆனாலும் பார்த்துவிட்டுக் கிளம்புகிறேன்.

8.25
டேங்க் மூடி உறைந்து ஒட்டியிருக்கிறது. சாவியைத் திருப்பினால் வளைகிறது. இஞ்சினுக்கும் அதே சாவி, உடைந்தால் எல்லாம் போச்சு. டேங்குக்குள் தளும்பாமலிருக்கப் பஞ்சுக்கட்டை வைத்திருப்பதால் குலுக்கினாலும் சத்தம் வராது. விளக்கைத்தான் நம்ப வேண்டும்.

பேட்டரி முனைகளைச் சுரண்டினேன். மங்கல். எர்த் ஒயரைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மங்கல். இண்டிகேட்டர் பல்பை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அதுவும் மங்கல்.

அப்படியானால் விளக்கில் பழுதில்லை. தரைக்கு அடியில் ஏதோ முனகியது. பனிதான். காலில் தெரிந்தது.

8.50
ஆறாம் கொட்டகையிலிருந்து மெற்றில்டா அக்கா. மன்னார்க்காரர். நான் பேசாவிட்டாலும் தினமும் என்னிடம் பேசுகிறவர்.

“பிள்ளை, வெளிக்கிட்டிட்டியோ? இஞ்ச வாசலடியில ஒரு வெடிப்பு வந்திட்டுது. சின்னன்தான். நீ பதறாம வா. வரேக்க உன்ர வாயையும் கொண்டு வா, என்ன?”

ஒருமுறை அமுக்கினேன். தடித்த கையுறையோடு அமுக்கியதில் இருமுறை போயிருக்கலாம்.

9.05
மாமா முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. டேங்கின் அடியில் ஒரு சின்ன சென்சார். பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்து கிடக்கும்வரை விளக்கு எரியாது. பெட்ரோல் இறங்கி வெளியே தெரிந்தால் மின்சாரத்தில் அது சூடாகும், விளக்கு பளிச்சென்று எரியும்.

கரையில் சரி. இங்கே காற்றே இப்படி இருக்கும்போது அது எப்படிச் சூடாகும்? பள்ளியில் இதையெல்லாம் சொல்லித்தந்திருப்பார்கள், நான் அதற்கு முன்பே நின்றுவிட்டேன்.

வெந்நீர்ப் பையை டேங்கின் அடியில் வைத்து அழுத்தினேன். உள்ளே பெட்ரோல் இருந்தால் சூடேற நேரமாகும். பத்து எண்ணுவதற்குள் விளக்கு பளிச்சென்று எரிந்தது.

பையை மூடிமேல் வைத்தேன். இளகித் திறந்தது. டார்ச் அடித்தேன். பஞ்சுக்கட்டை காய்ந்திருக்கிறது, அடியில் மட்டும் கொஞ்சம் ஈரம். தினமும் காலையில் நான் ஓடவிட்டே தீர்த்திருக்கிறேன்.

9.15
பேசினேன். “மாமா, டேங்க் காலி. குளிர்லதான் வெளக்கு மங்கிருச்சு.” என் குரல் எனக்கே யாருடையதோ போலிருந்தது.

கேட்டுக்கொண்டிருந்த அக்காதான் பேசினார்.

“சண்டைக் காலத்தில எங்கட பக்கம் மோட்டச்சைக்கிள் எல்லாம் மண்ணெண்ணெயிலதானாம் ஓடினது. பெற்றோல் துளி விட்டு இஞ்சினைச் சூடாக்கிப்போட்டு ஊத்தினாக் குடிக்குமாம். கணப்பில இருக்கிறதை வடி பிள்ளை.”

“எவ்வளவுத்தா இருக்கு?” என்றார் மாமா.

“ஒன்றரை லிட்டர்.”

“பனியில லிட்டருக்குப் பதினஞ்சுதான் ஓடும். நேரா கரைக்கு வந்துரு. ஆறுக்குப் போகாத. போனா அங்கருந்து கரைக்குப் பாதி வழியிலேயே நிக்கும்.”

“அக்கா கணப்புல இருக்குறத ஊத்திக்கிட்டா?”

“என்ரது விடியவே முடிஞ்சுது,” என்றார் அக்கா. “ஒரு சொட்டும் இல்லை. வராத. கரைக்குப் போ.”

அவர் பேசும்போது பின்னால் உஸ்ஸென்று ஒரு சத்தம். கணப்பு எரிந்தால் அப்படித்தான் இருக்கும், எரிந்தால் எண்ணெய் இருக்கிறது. வெடிப்பில் தண்ணீர் ஏறினாலும் அப்படித்தான் இருக்கும்.

“அக்கா, அது என்ன சத்தம்?”

வானொலியை அணைத்துவிட்டார். மூன்று முறை கூப்பிட்டேன். மாமா மட்டும் “மேக்கால வா, மேக்கால வா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

9.40
கணப்பை அணைத்து வடித்தேன். பாதி இருட்டில் விரல் மரத்துக் கொஞ்சம் சிந்திவிட்டது. பஞ்சைப் பிழிந்த பெட்ரோலில் இஞ்சின் பிடித்தது. சூடானதும் மண்ணெண்ணெய் ஊற்றினேன். வெள்ளைப் புகை. இருமுகிறது, ஆனால் ஓடுகிறது.

கொட்டகைக்குப் பின்னால் வெடிப்பு வந்துவிட்டது. கறுப்பாக, கை அகலம். பார்க்கப் பார்க்க

9.46
கணப்பு இல்லாததால் பேனா உறைகிறது. கொட்டகையை விடுகிறவர் போகும் பக்கத்தை எழுதிக் கம்பத்தில் கட்ட வேண்டும், தேடி வருகிறவர்களுக்காக. பயமாக இருக்கிறது. சத்தம் எதுவென்று எனக்குத் தெரியவில்லை.

போகும் பக்கம்: தெற்கு. ஆறாம் கொட்டகை.