கடல் நிக்கலைன்னு சொன்னேன்

சித்திரை 3, புதன்

காலையிலயே அனல். குழாயைத் திறந்தா மாடி டேங்க் தண்ணி கொதிக்குது.

பிளாட் போட்டு விக்கிற சேகர் போன். ஞாயித்துக்கிழமை கீழ்பென்னாத்தூர் கல்யாண மண்டபத்துல கூட்டம். ஆசிரமம் பக்கம் தங்கியிருக்கற நார்வே அம்மா பேசுவாங்க, நான் தமிழ்ல சொல்லணும். கப்பல்ல போய் கடல் தண்ணிய அளந்தே ரிடையர் ஆனவங்களாம். சரின்னுட்டேன். வெளிநாட்டுக்காரங்க பேச்சைத் தமிழ்ல சொல்றதுதானே பொழப்பு. எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்சதுக்கு இதான்னு அப்பாவுக்கு இன்னும் வருத்தம்.

வாங்க: மோர், ரீஃபில், கொசுவத்தி.

சித்திரை 4, வியாழன்

நார்வே அம்மாவைப் போய்ப் பார்த்தேன், நல்லா விளக்கினாங்க. மறக்கறதுக்குள்ள:

ஐரோப்பாவுக்கு மேற்கே இருக்கற பெருங்கடல்ல, தெற்கத்திச் சூடான மேல்தண்ணி வடக்கே போகுது. போற வழியில சூட்டைக் காத்துக்குக் குடுத்துடுது. ஐரோப்பாவுல குளிர் கம்மியா இருக்க அதுவும் ஒரு காரணம். வடக்கே போய் குளிர்ந்து, உப்பும் ஜாஸ்தி, கனமாகி அடிக்கு இறங்குது. அடியிலயே மெதுவா தெற்கே திரும்புது. ஒரு சுத்துக்கு நூத்துக்கணக்கான வருஷம். இப்ப பனி உருகி நல்ல தண்ணி கலக்குது. உப்பு கம்மின்னா கனம் கம்மி. இறங்கறது மந்தமாகும்.

அடியோட நின்னுடுமா, எப்பன்னு கேட்டேன். தெரியாதுன்னாங்க. ஆயுசு பூரா அளந்தவங்க அப்படிச் சொன்னது பிடிச்சிருந்தது.

சித்திரை 5, வெள்ளி

சேகர் டீக்கடைக்கு வரச் சொன்னார். அந்தம்மா என்ன பேசினாலும் நான் சொல்ல வேண்டியது வேறயாம். கடல் ஓட்டம் சீக்கிரமே நிக்கப்போகுது, ஐரோப்பா உறைஞ்சிடும், அத்தனை பேரும் நம்ம மலையடிவாரத்துக்குத்தான் வருவாங்க, இப்பவே பிளாட் வாங்கிப் போடுங்க.

"அவங்களுக்குத் தமிழ் தெரியாது. ஜனங்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவுல நீங்கதான்"னார்.

டீயை அப்படியே வெச்சிட்டு எழுந்தேன். வந்துட்டேன். வர்ற வழியெல்லாம் கோபம்.

சாயந்தரம் அக்கா போன். மாமா ஏரிப்பக்கத்து நெல்லு நிலத்த வித்துட்டு அந்த பிளாட்டுலதான் போடப்போறாராம். அக்கா சொல்லியும் கேக்கலையாம்.

சித்திரை 7, ஞாயிறு

பஸ்ல நின்னுக்கிட்டே போனேன். மண்டபம் ரொம்பிடுச்சு. மாமா முன் வரிசை.

அந்தம்மா பேசினத வரிக்கு வரி சொன்னேன். உப்புத்தண்ணி கனம்னதும் எல்லாரும் முழிச்சாங்க. விதைநெல்லுல பதர் பிரிக்க தண்ணியில உப்பு கரைப்பீங்களே, முதல்ல முழுகின முட்டை உப்பு ஏறினதும் மேல வருதே, ஏன்னு கேட்டேன். பொம்பளைங்க பக்கம் சிரிப்பு. புரிஞ்சிடுச்சு.

ஐரோப்பா உறைஞ்சிடுமான்னு மாமாவே எழுந்து கேட்டார். குளிர் ஜாஸ்தியாகலாம், ஊரே காலி பண்ணிக்கிட்டு இங்க வருவாங்கன்னு யாரும் சொல்ல முடியாது, ஆனா உங்க மழை மாறலாம், அதைக் கவனிங்கன்னு அந்தம்மா பதில். அதையே சொன்னேன். சேகர் மேடையேறி, இந்தப் பொண்ணுக்குச் சரியா புரியலன்னு மைக்கைப் பிடிச்சார். நான் விடல.

"எனக்குப் புரியுது. நீங்கதான் வேற மாதிரி சொல்லச் சொன்னீங்க. நான் சொல்லமாட்டேன்."

மாமா என் முகத்தைப் பார்க்காமலே வெளிய போய்ட்டார். 

சித்திரை 8, திங்கள்

சேகர் மெசேஜ்: ஆசிரமம் ரோட்டுல இனிமே எனக்கு வேலை கிடைக்காதாம். மத்தியானமே ஒரு கஃபேல வேணாம்னுட்டாங்க. அழுகை வரல. ஊர் என்ன அவர் பிளாட்டா?

தலைவலி. ரசம் சாதம்.

சித்திரை 9, செவ்வாய்

மாமா பைக்ல வந்தார். உட்காரல. அத்தனை பேருக்கு முன்னாடி தலைகுனிய வெச்சிட்டேன்னார்.

"நிலம் இருக்கில்ல மாமா?"

இருக்குன்னார். விக்கல. தண்ணி வாங்கிக் குடிச்சார். அப்புறம், வர்ற ஞாயித்துக்கிழமை அவர் ஊர்ல நான் வந்து அந்த மழை விஷயத்தைப் பேசணுமாம், நார்வே அம்மாவையும் கூட்டிக்கிட்டு. சேகர் ஆளுங்களும் வருவாங்க, பரவால்லையான்னார்.

வரட்டும்னேன்.