இருபத்தாறு படிகள்

கோபே
மார்ச் 4, 2013

ரின்னுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதுகிறேன். கன்னியர் மடத்துப் பள்ளி போட்ட பழக்கம். பெண்கள் மட்டுமே நடிக்கும் நம் அரங்கின் முன்னாள் நடிகையர் விழாவில் பழையபடி நீ ஆணாகவும் நான் பெண்ணாகவும் ஆட வேண்டும், பெரிய படிக்கட்டில் கைகோத்து இறங்க வேண்டும் என்கிறாய். எனக்கு எழுபத்து மூன்று. நம் மேடையில் வயதைச் சொல்லக் கூடாது என்பதால் உன்னுடையதை எழுதவில்லை.

நான் வர மாட்டேன். திருமணமானவள் மேடையை விட வேண்டும் என்பது விதி, விட்டேன். கடைசி நாளில் அரங்கின் பயிற்சிப் பள்ளியில் உடன் படித்தவள் வந்து மலர்க்கொத்து தருவது வழக்கம். நீ வேறொருத்தியை அனுப்பினாய். நாற்பத்தொன்பது ஆண்டுகளாகியும் அதற்கு ஒரு வார்த்தை இல்லை.

உன் எழுத்து வரியை விட்டு ஏறி இறங்குகிறது. முன்பெல்லாம் இப்படி எழுத மாட்டாய்.

சயோ குனியேதா

தகராசுகா
மார்ச் 9

அன்புள்ள சயோ,

கொத்தும் கையுமாகத் திரைக்குப் பின்னால்தான் நின்றேன். "போய்க் குடு ரின், பாட்டு முடியப் போகுது!" என்று மேடை மேலாளர் முதுகில் தள்ளினார். "ஆம்பளை வேஷத்துல நின்னு அழுதா ஊரே சிரிக்கும். இவளைப் போகச் சொல்லுங்க" என்று பக்கத்தில் நின்றவள் கையில் கொத்தைத் திணித்துவிட்டேன். உன் மாப்பிள்ளை முதல் வரிசையில் இருந்தார். நல்லவராகத் தெரிந்தார். நான் அழுவதற்கு அதுவே போதாதா?

எழுத்தைக் குறை சொல்கிறாய். இரண்டு கண்ணிலும் நடுவில் ஒரு கறுப்பு, சயோ. ஓரங்கள் மட்டும்தான் தெரிகின்றன. மேலே நின்றால் இருபத்தாறு படிகளும் ஒரே சரிவாகிவிடுகின்றன. விழாக் குழுவிடம் சொல்லவில்லை. சொன்னால் கீழே நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். வேறு யார் கையையும் பிடித்து இறங்க எனக்குத் துணிவில்லை. நீ வராவிட்டால் நான் மேலே ஏற மாட்டேன்.

உன்
ரின்

கோபே
மார்ச் 12

அன்புள்ள ரின்,

முட்டாள். இதை அன்றே சொல்லியிருக்கலாம்.

நேற்று ரயில் நிலையப் படிக்கட்டில் நிமிர்ந்த தலையோடு நாலு முறை இறங்கிப் பார்த்தேன். மருமகள் பதறிவிட்டாள். "அத்தை, காலைப் பாத்து இறங்குங்க, விழுந்துடப் போறீங்க!" "காலைப் பாக்கறவதாண்டி விழுவா" என்றேன். முழங்கால் வலிக்கிறது. அது என் பாடு.

கவனமாகக் கேள். பெண் வேடம் அரை அடி பின்னால் வரும், ஆண் நடத்துவான். பார்ப்பவர்களுக்கு அப்படித்தான் தெரிய வேண்டும். ஆனால் இந்த முறை நடத்துவது என் கை. விரலை ஒரு முறை அழுத்தினால் அடுத்த படி. இரு முறை என்றால் தரை, கையை விடலாம். உன் முகம் மாடி இருக்கைகளைப் பார்த்தபடியே இருக்கட்டும். தாடையை இடப்பக்கம் சாய்க்கும் அந்தப் பழைய கெட்ட பழக்கம் வேண்டாம்.

என் கணவரோடு நன்றாகவே வாழ்ந்தேன், அதில் பொய்யில்லை. ஆனால் வானொலியில் வால்ட்ஸ் நடன இசை வந்தால் என் வலது கை தானாக எழும். அவர் பார்ப்பார். ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.

வியாழக்கிழமை ஒத்திகைக்கு வருகிறேன். எதையும் நான் அரைகுறையாகச் செய்வதில்லை என்பது உனக்குத் தெரியும். தரை வந்ததும் இரு முறை அழுத்த வேண்டும் அல்லவா? அதை மட்டும் கொஞ்சம் தாமதமாகச் செய்வேன். பொறுத்துக்கொள்.

உன்
சயோ