தொட்டில் துணிக்கு மேல் வைத்த கை

அக்டோபர் 11
பயிற்சி முடிந்தது. மலைக் கிராமங்களுக்குப் போகும் பதினொரு நர்சுகளுக்கும் மதிப்பெண் போட்டாயிற்று. குழந்தையின் மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணுவது, விலா உள்ளே இழுக்கிறதா என்று பார்ப்பது - இந்த இரண்டிலும் விடாப்பிடியாக நின்றேன். பாடத்துக்கு வைத்திருக்கும் ரப்பர்க் குழந்தைப் பொம்மை, பம்பை அழுத்தினால் அதன் நெஞ்சு ஏறி இறங்கும். எல்லோரிலும் சின்னவள் லூலே, ஒரு எண் பிசகவில்லை.

"குரேஸ் ஊருக்கு நான் போறேன் அக்கா. அங்க போக எல்லாரும் மூஞ்சியத் தூக்கறாங்க" என்று தானே கேட்டு வாங்கினாள்.

"ஒரு வாரத்துல ஓடி வந்தே, காதைத் திருகுவேன்" என்றேன்.

கடைசியாகச் சொன்ன பாடம்: "வீட்டு வழக்கத்தோட மல்லுக்கு நிக்காதீங்க. மொதல்ல கதவு தொறக்கணும், மத்ததெல்லாம் அப்புறம்." எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

நவம்பர் 2
மழை. லூலே போனில்: "வீட்டுக்கு வீடு பியுரெக் பலகாரம் சுட்டுக் குடுத்தே என்னைக் குண்டாக்கிடுவாங்க அக்கா." சந்தோஷமாக இருக்கிறாள்.

நவம்பர் 19
குரேஸில் ஓர் ஆண் குழந்தை இறந்துவிட்டது. பிறந்து இருபத்திரண்டு நாள். நிமோனியா. முந்தாநாள்தான் லூலே போய்ப் பார்த்திருக்கிறாள். பதிவேட்டில் அவள் கையெழுத்து: மூச்சு நாற்பத்தெட்டு, சாதாரணம்.

"எண்ணினேன் அக்கா. சத்தியமா எண்ணினேன்." போனில் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

நாற்பத்தெட்டு மூச்சு விட்ட பிள்ளை இரண்டு நாளில் எப்படிப் போகும்? எண்ணாமலே எழுதினாளா? லூலேயா?

நவம்பர் 20
மாவட்ட சுகாதார அலுவலகத்தில் டைரக்டர் பார்தில் கூப்பிட்டார். "அந்தப் பொண்ணு சும்மா ஒரு நம்பரை எழுதியிருக்கு. 'கவனக்குறைவு'ன்னு நீங்க ஒரு வரி எழுதிக் குடுங்க, சான்றிதழைப் பிடுங்கிடலாம். உங்க பயிற்சிக்கும் கெட்ட பேரு வராது."

எழுதிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். இந்த டைரியில் ஒளிக்க என்ன இருக்கிறது, அப்படித்தான் நினைத்தேன்.

நவம்பர் 21
குரேஸுக்குத் துக்கம் கேட்கப் போனேன். லூலேயும் வந்தாள். அவளை உள்ளே விடவில்லை. வேலியோரம் மழையில் நின்றாள்.

பிள்ளையின் தாய் செவ்தியே. இருபது வயது இருக்கலாம். சர்க்கரை போடாத காப்பியைக் கொண்டுவந்து வைத்தார்கள். "நீங்க நல்லா இருக்கணும்" என்று துக்க வீட்டு வழக்கப்படி சொல்லிக் குடித்தேன். பிறகு, நர்ஸ் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டேன்.

"நாப்பது நாள் ஆகலையே. கண்ணு பட்டுடும்னு நான்தான் தொட்டில் மேல மூடியிருந்த துணியை எடுக்க விடல. அந்த நர்ஸ் பொண்ணும் பாவம், வம்பு பண்ணல. துணிக்கு மேல கையை வெச்சுக்கிட்டு வாட்சையே பாத்துக்கிட்டிருந்துச்சு."

சொல்லிக்கொண்டே தரையில் இருந்த மரத்தொட்டிலைக் காலால் ஆட்டிக்கொண்டிருந்தாள். வெறும் தொட்டில். அதைத் தூக்கி உள்ளே வைக்க அந்த வீட்டில் யாருக்கும் மனம் வரவில்லை போலிருக்கிறது.

"அன்னைக்கும் இப்படித்தான் ஆட்டிக்கிட்டிருந்தியாம்மா?"

"ஆட்டலைன்னா அழுவானே."

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். நாற்பத்தேழு. மறுபடி எண்ணினேன். நாற்பத்தெட்டு.

லூலே பொய் எழுதவில்லை. அம்மாவின் கால் ஆட்டிய ஆட்டத்தை எண்ணியிருக்கிறாள். அந்தக் கம்பளித் துணிக்கு அடியில், துணியால் இறுக்கிக் கட்டின பிள்ளை சத்தமில்லாமல் மூச்சுக்குத் திணறிக்கொண்டு கிடந்திருக்கிறான்.

நவம்பர் 22
என் பொம்மைக்கு ஒருநாளும் துணி சுற்றியதில்லை. நெஞ்சைத் திறந்துபோட்டே பதினாறு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் அப்படிக் கட்டி, மூடின தொட்டிலில் போட்டு வளர்த்தவள்தானே நான்? தெரியாதா எனக்கு? 'துணியை எடும்மா' என்று ஒரு தாயிடம் எப்படிக் கேட்பது - அதைச் சொல்லித் தரவில்லை. மல்லுக்கு நிக்காதேன்னு மட்டும் வாய் கிழியச் சொன்னேன். அவ நான் சொன்னதைத்தானே கேட்டா. ஐயோ, நான் சொன்னதைத்தானே கேட்டா.

இதையேதான் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். பார்தில் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க தலையை நீங்களே கொண்டுவந்து குடுக்கறீங்க, நெர்மினா."

"வேற யார் தலையை எடுக்கலாம்னு பாத்தீங்க?" என்றேன்.

டிசம்பர் 9
லூலேயின் சான்றிதழ் தப்பியது. பயிற்சிப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

ஜனவரி 15
லூலே ஜெர்மனிக்குப் போகிறாள். முதியோர் இல்லத்தில் வேலை. அந்தச் சான்றிதழ் அதற்குத்தான் உதவியது. பஸ் நிலையத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன் அக்கா. ஆனா இனிமே ஒரு கொழந்தையத் தொட எனக்குக் கை வராது."

அவள் அழவில்லை. நான்தான் பஸ் கிளம்பும்வரை மூக்கைச் சிந்திக்கொண்டு நின்றேன்.

பிப்ரவரி 3
குரேஸில் நர்ஸ் இல்லை. நான் போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். "அம்பத்து மூணு வயசுல மலையேறப் போறீங்களாக்கும்" என்றார் பார்தில்.

பிப்ரவரி 20
இன்று மூன்று வீடு. மூன்றும் தாழ்ப்பாள். உள்ளே அடுப்பு புகைகிறது.

மார்ச் 6
ஆற்றோர வீட்டில் பன்னிரண்டு நாள் பெண் குழந்தை நேற்றிலிருந்து பால் குடிக்கவில்லை என்று காதில் விழுந்தது. போனேன். தாய் வாசலை மறித்து நின்றாள். "நாப்பது முடிஞ்சதும் வாங்க." கெஞ்சினேன், மிரட்டினேன், கண் படாமலிருக்க மாஷல்லா சொல்லிவிட்டே பார்க்கிறேன் என்றேன். அசையவில்லை. நானும் நகரவில்லை.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பாதையில் விறகோடு போய்க்கொண்டிருந்த செவ்தியே நின்றாள். சுமையை இறக்கி வைத்துவிட்டு வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் சொன்னாள்:

"தொறந்து காட்டு. நான் தொறக்கல."

துணியை எடுத்தேன். கட்டுகளை அவிழ்த்தேன். விலா குழிந்து குழிந்து இழுத்தது. அறுபதைத் தாண்டினாலே ஆபத்து; எழுபத்திரண்டு. மதியத்துக்குள் மாவட்ட மருத்துவமனையில் சேர்த்துவிட்டோம். பிழைத்துக்கொள்ளும் என்கிறார்கள்.

சாயங்காலம் ஊர் திரும்பியபோது செவ்தியே பாதையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எத்தனை இருந்துச்சு?"

சொன்னேன்.

"அவனுக்கும் அவ்வளவு இருந்திருக்குமா?"

"இருந்திருக்கும்" என்றேன்.

பாவாடையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். பிறகு விறகைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.